குழந்தை சொன்ன சொல் கோர்ட்டு வரை மாறாமல் போக

கொல்கத்தா லேக் கார்டன்ஸில் குடியிருக்கும் ஒரு தமிழ்க் குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்துவிட்டால், அவள் அதை அம்மாவிடம் தமிழில்தான் சொல்வாள். தானாவில், அதாவது காவல் நிலையத்தில், அதை வங்காளத்தில் எழுதிக்கொள்வார்கள். ஆலிப்பூர் கோர்ட்டுக்குப் போகும்போது ஆங்கிலமும் கலந்துவிடும். இப்படி மூன்று கை மாறிய சொல்லை வைத்துக்கொண்டு எதிர்த்தரப்பு வக்கீல், "அன்று வேறு மாதிரி சொன்னாயே" என்பார். போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டம்) வழக்கில் பெற்றோரின் முதல் வேலை அந்தச் சொல்லைக் காப்பாற்றுவது. ஆண் குழந்தைக்கும் இதே சட்டம், இதே வழிதான்.

குழந்தை வாய் திறக்கும்போது குறுக்கே பேசாதீர்கள். "யாரு? எத்தனை தடவை? ஏன் முன்னாடியே சொல்லல?" என்று அடுக்கவும் வேண்டாம். "சொன்னது நல்லதுடா கண்ணா, உன் மேல தப்பே இல்ல" என்றால் போதும். பிறகு அடுத்த அறைக்குப் போய், அவள் சொன்ன சொற்களையே தேதி, நேரம் போட்டு ஒரு தாளில் எழுதுங்கள். உடலுறுப்புக்கு வீட்டில் பழகிய செல்லப் பெயரைச் சொன்னாளா, அதையே எழுதுங்கள். நாகரிகம் பார்த்து மாற்றினால் சாட்சியம் உங்கள் சொல்லாகிவிடும். பாட்டி, சித்தி, எதிர்வீட்டு மாமி என்று ஒவ்வொருவரிடமும் அவளைத் திரும்பச் சொல்ல வைப்பது நம் வீடுகளில் சகஜமாக நடக்கும் பெரிய தப்பு.

நடந்து இரண்டு மூன்று நாள்தான் ஆகிறது என்றால் குளிப்பாட்டுவதற்கு முன்பே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் போடுங்கள். பிளாஸ்டிக்கில் ஈரம் தங்கித் தடயம் கெடும். பக்கத்தில் டாலிகஞ்ச் எம்.ஆர். பாங்கூர் அரசு மருத்துவமனை இருக்கிறது. தனியார் உட்பட எந்த மருத்துவமனையும் "முதலில் எஃப்.ஐ.ஆர். கொண்டு வாருங்கள்" என்று திருப்பி அனுப்பக் கூடாது, சிகிச்சைக்குப் பணமும் வாங்கக் கூடாது. சிறுமியைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும், நீங்கள் உடனிருக்கலாம். இரு விரல் சோதனை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் மீண்டும் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது.

அடுத்தது தானா. கொல்கத்தாவில் அடிக்கடி கேட்கும் பேச்சு, "ஒரு ஜி.டி. போட்டுக்கொள்ளுங்கள்" என்பது. ஜி.டி. என்பது நிலையத்தின் பொது நாட்குறிப்பில் ஏறும் ஒரு பதிவு, அவ்வளவே. அந்த எண்ணை வாங்கிக்கொண்டு வீடு திரும்பாதீர்கள். எஃப்.ஐ.ஆர். போடச் சொல்லி, அதன் இலவச நகலைக் கையில் வாங்குங்கள். "எங்கள் எல்லை இல்லை" என்றால், எல்லை பார்க்காமல் பதியும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். கேளுங்கள். அதற்கும் மறுத்தால் துணை ஆணையருக்கு எழுத்தில் புகாரைத் தபாலில் அனுப்பலாம். போக்சோ புகாரைப் பதிய மறுக்கும் காவலருக்கும் தண்டனை உண்டு.

குழந்தையைத் தானாவுக்கு அழைத்துப் போக வேண்டியதில்லை. சீருடை போடாத அதிகாரி, கூடியவரை பெண் எஸ்.ஐ., வீட்டுக்கே வந்து வாக்குமூலம் வாங்க வேண்டும். அப்போது, குழந்தைக்குப் புரியாத மொழியில் எழுதுவதானால் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது அரசின் கடமை, கட்டணமும் அரசுடையது. சட்டத்தின் 19, 26, 38 ஆகிய பிரிவுகளில் இது இருக்கிறது. "எனக்குத்தான் வங்காளம் நன்றாக வருமே" என்று அம்மாவே மொழிபெயர்க்க உட்காரக் கூடாது. தாய் சொல்லிக்கொடுத்தாள் என்ற வாதத்தை நாமே எடுத்துக் கொடுத்ததாகிவிடும். மாஜிஸ்திரேட் முன் கொடுக்கும் வாக்குமூலத்துக்கும் இதே ஏற்பாடு வேண்டும்.

இதற்குள் குடியிருப்புச் சங்கத்திலிருந்து யாராவது வந்து, "வெளியே தெரிந்தால் அசிங்கம், பேசித் தீர்த்துக்கொள்வோம்" என்பார். மறைக்காமல் புகார் கொடுத்த ஒரு குடும்பத்தின் வழக்கை அவருக்கு நினைவூட்டுங்கள். 2018 ஜூலையில் சென்னை அயனாவரத்து அடுக்குமாடியில், செவித்திறன் குறைந்த 11 வயதுச் சிறுமியின் வழக்கில் 17 பேர் கைதானார்கள். லிஃப்ட் ஓட்டுபவர், காவலாளி, பிளம்பர் என்று தினமும் வந்து போகும் ஆட்கள். சிறுமி அக்காவிடம் சொன்னாள், குடும்பம் புகார் கொடுத்தது. 2020 பிப்ரவரியில் 15 பேருக்குத் தண்டனை கிடைத்தது. சமரசம் ஆகிவிட்டது என்று இத்தகைய வழக்கை ரத்து செய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது. விஷயம் தெரிந்தும் மறைப்பவருக்கு ஆறு மாதம் வரை சிறை என்பதையும் வந்தவரிடம் சொல்லி அனுப்புங்கள். குழந்தையின் பெயரையோ படத்தையோ வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் குற்றம்.

போலீஸ் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். வழக்கு முடியும் வரை கூட வர ஓர் ஆதரவு நபரை நியமிக்கும்படி அந்தக் குழுவிடம் கேளுங்கள். வழக்கை நடத்துபவர் அரசு வக்கீல். அவருக்குத் துணையாக உங்கள் சொந்த வக்கீலும் நிற்க 40ஆம் பிரிவு இடம் தருகிறது. பண வசதி இல்லையென்றால் 15100ஐ அழைத்தால் சட்டப் பணிகள் ஆணையம் வக்கீல் தரும். வழக்கு முடியும்வரை காத்திராமல் இடைக்கால இழப்பீட்டுக்கு மனுப் போடச் சொல்லுங்கள்; பல குடும்பங்கள் இதைக் கேட்பதே இல்லை. விசாரணை மூடிய அறையில் நடக்கும். குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தையின் கண்ணில் படக் கூடாது. ஓராண்டுக்குள் முடிய வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் அதற்கு மேல் இழுக்கும் வழக்குகள் ஏராளம். மனதளவில் தயாராக இருங்கள்.

ஆதரவு நபருக்கும் வக்கீலுக்கும் முன்பே, முதல் புகாரின் கடைசி வரியாக இதைச் சேருங்கள்: "என் குழந்தையின் தாய்மொழி தமிழ். வாக்குமூலம் எடுக்கும்போதும் சாட்சி சொல்லும்போதும் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்." எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியாவிட்டால் 1098ஐ அழையுங்கள், எந்த நேரமும் எடுப்பார்கள்.