தட்டில் ஒன்றும் முளைக்காத நாளில்

அன்புள்ள தம்பி,

பாளையங்கோட்டை உணவுப் பகுப்பாய்வுக் கூடத்தில் சேர்ந்துவிட்டாய். மகிழ்ச்சி. என்றாவது ஒருநாள் மறுவீட்டுச் சொதி சாம்பிளாக வரும். சாப்பிட்ட மூன்று மணி நேரத்துக்குள் பந்தியில் பாதிப்பேருக்கு வாந்தி. கிருமி வளர்க்கும் உன் பேர்டு-பார்க்கர் தட்டிலோ ஒரு கரும்புள்ளிகூட இருக்காது. ‘ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி இல்லை’ என்று எழுதக் கை பரபரக்கும். பொறு.

சமையல்காரர் கையிலிருந்து இறங்கிய கிருமி, ஆறிய சொதியில் பெருகி நஞ்சைக் கக்கியிருக்கும். மறுபடி கொதிக்க வைத்தபோது கிருமி செத்தது. நஞ்சு அந்தச் சூட்டுக்கெல்லாம் அசையாது. 2000இல் ஜப்பானில் ஸ்னோ பிராண்ட் பாலில் நடந்தது இதுதான். ஹொக்கைடோ ஆலையில் மின்சாரம் நின்று பால் கெட்டது; பிறகு காய்ச்சியதில் கிருமி ஒழிந்தது; அந்தப் பால்பவுடர் கலந்த பாலைக் குடித்து 13,000க்கும் மேற்பட்டோர் படுத்தார்கள். முதலில் பிடிபட்டது ஏ வகை நஞ்சு. எச் வகையும் இருந்தது பிற்பாடுதான் தெரிந்தது. வழக்கமான கிட்டுகள் ஏ முதல் இ வரைதான் பார்க்கும். அறிக்கையில் அதையும் எழுது.

ஐஎஸ்ஓ 19020 முறையில் சாம்பிளை ராத்திரி முழுக்க டயாலிசிஸ் பையில் வைத்துச் செறிவாக்கிய பிறகே நஞ்சைத் தேடும் எலைசா சோதனை. அவசரம் என்று அந்த ராத்திரியை வெட்டாதே. அறிக்கை தரச் சட்டம் 14 நாள் தருகிறது. பிசிஆரில் நஞ்சுக்கான மரபணு தெரிந்தால், கிருமிக்கு நஞ்சு சுரக்கத் திராணியுண்டு என்று மட்டும் பொருள். சுரந்ததா என்று அது சொல்லாது.

சோறு வேறு கதை. ஆத்துப் பாசன வயல் மண்ணிலிருந்து நெல்லோடு வரும் பேசில்லஸ் சீரியஸ் வித்துகள் உலைக்கும் தப்பும். வடித்த சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் முளைத்து, செரியூலைடு என்ற நஞ்சைச் சுரக்கும். 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அது நிற்கும். அதைத் தேட மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் வேண்டும். உங்களிடம் இல்லையென்றால் இருக்கும் கூடத்துக்கு அனுப்பு.

திருநெல்வேலி என்றாலே அல்வாவைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள். அத்தனை சர்க்கரையில் கிருமிக்குக் குடிக்கத் தண்ணீர் ஏது?

சாம்பிளைத் திறக்குமுன் அதை அனுப்பிய அதிகாரியிடம் கேள்: எப்போது சமைத்தார்கள், எப்போது பரிமாறினார்கள், திரும்பச் சூடாக்கினார்களா, முதல் வாந்தி எத்தனை மணிக்கு? படிவத்தில் இடமில்லையென்றால் பின்பக்கத்தில் எழுதி வாங்கு.