வெள்ளரி விதையா, பரங்கி விதையா?

கோடைக்காலத்தில் நாட்டு மருந்துக் கடைக்குச் சென்று, உஷ்ணம் தணிய விதை வேண்டும் என்று கேட்பவருக்கு முன்னால் வெள்ளரி, முலாம், தர்ப்பூசணி, பரங்கி ஆகிய நான்கின் பருப்புகளும் ஏறக்குறைய ஒரே குணமுடையவைபோல எடுத்து வைக்கப்படுகின்றன. யூனானி ஹக்கீம்கள் இந்நான்கையும் சேர்த்துச் 'சார் மகஸ்' என்று வழங்கியதும், வட இந்தியர் தண்டாய் பானத்தில் அவற்றை ஒன்றாக அரைத்துக் கலப்பதும் இந்த அபிப்பிராயத்தை வலுப்படுத்தியிருக்கலாம். ஆயினும் ஒரு குடும்பத்துக் கொடிகளென்பதனாலேயே அவற்றின் பிரயோஜனம் ஒன்றாகிவிடாது. ஆகாரமாக வேண்டுமா, ஔஷதமாக வேண்டுமா என்பதை வாங்குகிறவர் முதலில் நிச்சயித்துக்கொள்ள வேண்டும்.

வெள்ளரி விதைக்கு நம் வைத்தியர்கள் கொடுத்த ஸ்தானம் பிரதானமாக மூத்திர சம்பந்தமான உபத்திரவங்களில்தான். வெயிலில் அலைந்து நீர்க்கடுப்பும் நீர்ச்சுருக்கும் கண்டவருக்கு, அதை நெருஞ்சிலோடு கூட்டிக் கஷாயமாக்கியோ, அரைத்து நீரில் கரைத்தோ கொடுத்து வந்தார்கள். அத்துடன் உட்செல்லும் தண்ணீருக்கும் அந்த நிவாரணத்தில் பெரும்பங்கு உண்டென்பது என் எண்ணம். காய்ச்சலோ, நீரில் இரத்தமோ, விலாப்புறத்தில் கடும்வலியோ தோன்றினால் விதையை நம்பிக் காலம் கடத்தாமல் மருத்துவரிடம் போகவேண்டும்.

அன்றாட ஆகாரத்துக்கென்று கேட்டால், தயங்காமல் பரங்கி விதையையே சொல்லுவேன். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த இக்கொடியின் விதை (கடைகளில் 'பூசணி விதை' என்ற பெயரில் விற்கும் பச்சைப் பருப்பு இதுவே, கல்யாணப் பூசணியின் விதை வேறு) 100 கிராமில் ஏறத்தாழ 30 கிராம் புரதமும், 500 மில்லிகிராமுக்கு மேற்பட்ட மக்னீசியமும், 7 மில்லிகிராமுக்கு மேல் துத்தநாகமும் உடையது. குடற்புழுக்களை வெளியேற்றப் பல தேசங்களில் இதைக் கையாண்டிருக்கிறார்கள். அதிலுள்ள குக்கர்பிட்டின் என்னும் அமினோ அமிலமே அதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது. ஜெர்மனி அரசு மூலிகைகளை ஆராய அமைத்த 'கமிஷன் ஈ' குழு, ப்ராஸ்டேட் வீக்கத்தின் ஆரம்ப நிலையில் மூத்திரம் கழிப்பதில் நேரும் தொல்லைகளுக்கு இவ்விதையை அங்கீகரித்தபோதே, தொல்லை குறையுமேயன்றி வீக்கம் குறையாது என்றும் எச்சரித்தது. கொழுப்பு மிகுந்த பண்டமாகையால் ஒரு கைப்பிடியே ஒரு நாளைக்குப் போதுமானது. சிறுநீரக வியாதியுடையவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவேண்டாம்.

பழத்தைத் தின்றுவிட்டு நாம் துப்பிவிடும் தர்ப்பூசணி விதையின் பருப்பு புரதத்தில் பரங்கிக்கு ஏறக்குறைய நிகரானது. துத்தநாகத்தில் அதையும் மிஞ்சக்கூடியது. ஓடு கடினமென்பதொன்றே குறை. பொறுமையுள்ள இல்லத்தில் இதைவிடச் சிக்கனமான சத்து இல்லை. முலாம் விதை வெள்ளரிக்கு மிக நெருங்கிய உறவாதலால், பாயசத்துக்கும் இனிப்புகளுக்கும் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைத் தாராளமாகச் சேர்க்கலாம்.

இக்காலத்தில் இவ்விதைகளை விற்போர் யாவரும் 'ஆன்டி ஆக்ஸிடன்ட்' குணத்தையே முன்னிறுத்துகிறார்கள். டோகோபெரால் என்னும் வைட்டமின் ஈ வகைகளும் பினாலிக் பொருள்களும் இவற்றில் இருப்பது உண்மையே. ஆனால் அக்குணத்தை அளக்கப் பெரிதும் கையாளப்படும் முறையோ, கருஞ்சிவந்த ஊதா நிறமுள்ள ஒரு ரசாயனக் கரைசலில் விதையின் சாற்றை விட்டு, அந்நிறம் எவ்வளவு வெளுத்து மஞ்சளாகிறதென்று பார்ப்பதாகும். கண்ணாடிக் குழாயில் நடக்கும் அப்பரீட்சையில் முதலிடம் பெற்ற விதை, ஜீரணமாகி இரத்தத்தில் கலந்தபின் சரீரத்தில் அதே வேலையைச் செய்யுமென்பது அதனால் நிரூபணமாகாது. ஆகவே இந்த ஒரு பெருமைக்காக விலை அதிகமானதைத் தேடி வாங்க வேண்டுவதில்லை.

இவற்றின் எண்ணெய் எளிதில் காறிப்போவதால், சிறிய அளவில் வாங்கிக் காற்றுப் புகாத பாத்திரத்தில் வைத்து, வேண்டும்போது மட்டும் எடுத்து மிதமான தீயில் வறுப்பது உத்தமம். நடவுக்கென்று விற்கும் விதையில் பூஞ்சைக்கொல்லி பூசப்பட்டிருக்கக்கூடுமாதலால் அதை ஒருபோதும் உண்ணலாகாது. கசப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். இக்குடும்பத்துக் காய்களுக்குக் கசப்பைத் தரும் குக்கர்பிட்டசின் கொடிய நஞ்சாகக்கூடியது. கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்தோர் இந்நாட்டில் உயிரிழந்ததை ஆராய்ந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் குழு, கசக்கும் சாற்றை அருந்தவே கூடாதென்று 2012ஆம் ஆண்டு வெளியான அறிக்கையில் வற்புறுத்தியிருக்கிறது. எனவே கசக்கும் வெள்ளரியையோ சுரையையோ கண்டால், மருந்தென்று எண்ணி விழுங்காமல், காயையும் விதையையும் சேர்த்தே எறிந்துவிடுங்கள்.