ஆறுதலோடு நில்லாத ஆலோசகர்கள்



கவுன்சலிங் என்ற சொல் கிள்ளான் கடைத்தெருவிலும் இப்பொழுது அடிபடுகிறது. நம்மவர்களில் சிலர் அதைப் பைத்தியத்திற்குச் செய்யும் வைத்தியம் என்று எண்ணி முகஞ் சுளிக்கிறார்கள். வேறு சிலரோ, நாலு நல்ல வார்த்தை சொல்லுவதற்குச் சம்பளமா என்று கேட்கிறார்கள். இரண்டும் சரியல்ல. நம் நாட்டில் 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்றவரே ஆலோசகர் என்று தொழில் நடத்த முடியும்.

துன்பப்படுகிறவனுடைய பேச்சை ஆலோசகர் பொறுமையாகக் கேட்கிறார். கேட்டதை அமானிதமாகக் காக்கிறார். மஷூரா கேட்டு வருபவனின் இரகசியத்தைக் காக்க வேண்டுமென்பது நமக்கும் புதிதல்ல. ஆனால், பத்துப் பேர் ஒரே துன்பத்தோடு வந்தால் அவர் என்ன செய்வது? பத்துப் பேருக்கும் பொறுமையைப் போதித்து அனுப்பிவிடுவதா? அத்துன்பத்தை உண்டாக்கும் விதியை மாற்றும்படி அதிகாரமுள்ளவர்களிடம் போய்க் கேட்பதும் தம் தொழிலைச் சேர்ந்ததே என்பது இத்துறையினரின் கொள்கை.

இத்தொழிலின் வரலாற்றை, 1908ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிராங்க் பார்சன்ஸ் என்பவர் தொடங்கிய அலுவலகத்திலிருந்து சொல்லுவது வழக்கம். ஏழை இளைஞர்களும் குடியேறி வந்தவர்களும் தகுந்த வேலை தேடிக்கொள்ள அது வழிகாட்டியது. (கடல் கடந்து வந்த நம் முன்னோர்களுக்கு அப்படியோர் அலுவலகம் ஏது? ஊர்க்காரர் கடைதான் இருந்தது.)

சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986இல் நிறுவிய ஸ்நேகா என்னும் அமைப்பைப் பாருங்கள். மனமுடைந்தவர்களின் பேச்சைக் கேட்பதே அதன் வேலை. பரீட்சை முடிவு வெளியாகும் நாட்களில் தவறிய பிள்ளைகள் உயிரை மாய்த்துக்கொள்வதை அவர்கள் கண்டார்கள். ஒரு பாடத்தில் தவறினாலும் ஓராண்டு வீணாகும் என்ற நிலையை மாற்றி, விரைவில் மறுபரீட்சை வைக்கும்படி அரசாங்கத்தை வற்புறுத்தினார்கள். 2000ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில் தமிழ்நாட்டில் அந்த ஏற்பாடு வந்தது.

நம் நாட்டிலும் இத்தகைய முயற்சி ஒன்று நடந்தது. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவனுக்கு ஓராண்டு வரை சிறையோ அபராதமோ விதிக்கலாம் என்று தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு கூறிவந்தது. இதனால் பிழைத்தவன் விஷயத்தை மறைத்தான். குடும்பத்தாரும் போலீசுக்கு அஞ்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தயங்கினார்கள். மருத்துவர்களும், 1970 முதல் இயங்கிவரும் கோலாலம்பூர் பிபிரண்டர்ஸ் அமைப்பினரும் அப்பிரிவை நீக்கும்படி பல ஆண்டுகள் வாதாடினார்கள். 2023ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் அதை நீக்கிற்று.

இங்கே நம்மவர் சிலருக்கு ஐயம் எழலாம். தற்கொலை ஹராம் என்பதில் இரண்டாவது பேச்சுக்கு இடமில்லை. சட்டத்தை நீக்கியதால் ஹராம் ஹலாலாகிவிடவில்லை. காப்பாற்றப்பட்டவனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தாமல் வைத்தியரிடம் அனுப்ப வேண்டும் என்பதே இதன் கருத்து. முஸ்லிம் நாடாகிய பாகிஸ்தானும் 2022இல் இத்தகைய பிரிவை நீக்கியது.

வியாபாரிகளாகிய நமக்கு இதில் என்ன என்று கேட்கலாம். அரசாங்கத்தை விடுங்கள், நம் கடை மாடியில் தங்கியிருக்கும் ஊழியனுக்கு அதிகாரமுள்ளவர் யார்? முதலாளிதான். ஊரில் ஏஜண்டுக்குப் பட்ட கடன், வராத சம்பளம், மாதக்கணக்கில் ஓய்வில்லாத வேலை, இவற்றால் சோர்ந்து கிடப்பவனை ஆலோசகரிடம் அனுப்பினால், அவர் கேட்கும் முதற்கேள்விகள் நம்மைப் பற்றியதாகவே இருக்கும். பாஸ்போர்ட் யாரிடம் இருக்கிறது? அதை முதலாளி பூட்டி வைத்துக்கொள்வது 1966ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். வாரத்தில் ஒரு முழுநாள் ஓய்வு உண்டா? 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. 2023 ஜனவரி முதல் வாரத்துக்கு 45 மணி நேரமே வேலை என்றும் ஆகியிருக்கிறது. இவற்றைச் சரிசெய்யாமல் பொறுமையை மட்டும் உபதேசித்தால் அவன் எப்படித் தெளிவான்?

பிபிரண்டர்ஸ் அமைப்பின் தொலைபேசி எண் 03-7627 2929. இரவும் பகலும் பேசலாம். அந்த எண்ணைக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டுவதைக் காட்டிலும், ஊழியர்கள் படுக்கும் மாடியில் ஒட்டி வைப்பது நல்லது.