வளைந்த பாதமும் வீட்டாரின் பங்கும்

மருத்துவம் என்றவுடன் மருத்துவமனையும் மருந்தும் ஊசியுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் சில குறைகளில் மருத்துவர் செய்யும் பணி இரண்டு மூன்று மாதங்களில் முடிந்துவிடுகிறது. வீட்டார் செய்யவேண்டிய பணியோ நான்கு ஆண்டுகள் நீடிக்கிறது. பிறவியிலேயே குழந்தையின் பாதம் உட்புறமாக வளைந்திருப்பது அத்தகைய குறைகளுள் ஒன்று. எங்கள் அய்யலூர்ப் பக்கத்தில் இதைக் கோணக்கால் என்பார்கள். என் அக்காளின் மகன் இக்குறையுடன் பிறந்தான். அவனை வளர்ப்பதில் எங்கள் குடும்பம் முழுவதும் பங்கு கொண்டது. விலங்கியல் மாணவி என்ற முறையில் நான் படித்து அறிந்ததையும், வீட்டில் கண்டு அறிந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

குறையின் இயல்பு

ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் அவர்களுள் ஒன்று அல்லது இரண்டு குழந்தைகளுக்கு இக்குறை காணப்படுகிறது. பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்கு ஏறத்தாழ இரு மடங்கு வருகிறது. ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இரண்டு பாதங்களுமே வளைந்திருக்கும்.

பார்வைக்கு ஒரே வளைவு போலத் தோன்றினாலும் இதில் நான்கு கோணல்கள் உள்ளன. உள்ளங்கால் குழி மிக ஆழமாக இருக்கும். முன்பாதம் உட்பக்கம் திரும்பியிருக்கும். குதிகால் உட்பக்கமாகச் சாய்ந்திருக்கும். அதே குதிகால் மேலே தூக்கியும் நிற்கும். கணுக்காலின் பின்புறமும் உட்புறமும் உள்ள தசைநார்கள் குட்டையாகவும் இறுக்கமாகவும் இருப்பதால் பாதம் இவ்வாறு இழுபடுகிறது. ஆனால் பச்சிளம் குழந்தையின் பாத எலும்புகளில் பெரும்பகுதி இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கிறது. ஈரக் களிமண்ணைப் போல அதை மெல்ல மெல்ல வடிவத்துக்குக் கொண்டுவர முடியும். பிறந்த முதல் வாரங்களிலேயே சிகிச்சை தொடங்க வேண்டும் என்பதன் காரணம் இதுவே.

கவனிக்காமல் விட்டால் குழந்தை பாதத்தின் வெளி விளிம்பை ஊன்றி நடக்கும். அங்கே தோல் தடித்துக் காய்ப்பு ஏறும், புண் வரும், செருப்புப் போட இயலாது. தக்காளித் தோட்டத்தில் குனிந்து நிமிர்ந்தும், ஆடுகளின் பின்னால் கரட்டில் ஏறி இறங்கியும் பிழைப்பு நடத்தும் எங்கள் ஊரில் கால்தான் முதல். அதை இழப்பவன் பாதி வாழ்வை இழக்கிறான்.

பழியும் உண்மையும்

பிள்ளை பார்க்க வந்தவர்கள் முதலில் கேட்ட கேள்வி, “கிரகணத்தன்னைக்கு என்னத்தம்மா வெட்டுனே?” என்பதுதான். கருவுற்ற பெண் கிரகண நேரத்தில் அரிவாள்மனையைத் தொட்டால் பிள்ளைக்கு ஊனம் வரும் என்பது இன்றும் நம்மிடையே வழங்கும் நம்பிக்கை. கிரகணம் என்பது ஒரு நிழல். அந்நிழல் கருப்பையினுள் இருக்கும் பாதத்தை வளைக்காது. இக்குறைக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு காரணத்தைச் சுட்டிக்காட்ட இயலவில்லை. பரம்பரைக் கூறுகளுக்கும் இதில் பங்கு உண்டு. தாய் உண்டதோ வெட்டியதோ காரணம் அன்று.

இந்தப் பழி வெறும் பேச்சோடு நிற்பதில்லை. பழிக்கு அஞ்சும் தாய் குழந்தையின் காலைத் துணியால் மூடி வைக்கிறாள். வெளியே கொண்டுபோகத் தயங்குகிறாள். குருத்தெலும்பு இளகியிருக்கும் விலைமதிப்பற்ற வாரங்கள் இவ்வாறு கழிகின்றன. என் அக்காளும் பத்து நாள்கள் அப்படித்தான் இருந்தாள். கிராம சுகாதாரச் செவிலியர் வந்து துணியை விலக்கிப் பார்த்து, “இது சரியாகக்கூடியது, நாளைக்கே கிளம்புங்கள்” என்று சொன்ன பிறகுதான் திண்டுக்கல்லுக்குப் பேருந்து ஏறினோம்.

பொன்செட்டி முறை

இன்று உலகெங்கும் கையாளப்படும் சிகிச்சை முறையை வகுத்தவர் டாக்டர் இக்னேசியோ பொன்செட்டி (1914-2009). ஸ்பெயின் நாட்டின் மினோர்காத் தீவில் பிறந்த அவர், அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். அக்காலத்தில் பாதத்தை அறுத்துத் திருத்தும் பெரிய அறுவைச் சிகிச்சையே வழக்கம். அவ்வாறு திருத்தப்பட்ட பாதங்கள் வளர்ந்தபின் விறைத்து வலி தருவதை அவர் கண்டார். கத்தியைக் குறைத்துக் கையை நம்பும் வழியை நாடினார். 1963 ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டும் மருத்துவ உலகம் நெடுங்காலம் அதைப் பொருட்படுத்தவில்லை. 1990களின் பிற்பகுதியில் அம்முறை விரைந்து பரவியதற்குக் குழந்தைகளின் பெற்றோர் இணையத்தின் வழியே ஒருவருக்கொருவர் செய்தி சொல்லிக்கொண்டதும் ஒரு காரணம். பெற்றோர் மருத்துவத்தையே நகர்த்த வல்லவர்கள் என்பதற்கு இது சான்று.

மருத்துவர் பாதத்தைக் கையால் மென்மையாக நகர்த்தி, எட்டிய நிலையிலேயே விரல் முதல் தொடை வரை மாவுக்கட்டுப் போடுகிறார். வாரம் ஒருமுறை கட்டைப் பிரித்து, இன்னும் சற்று நகர்த்தி, மறு கட்டுப் போடுகிறார். பெரும்பாலும் ஐந்து முதல் எட்டுக் கட்டுகளில் பாதம் நேராகிறது. குதிகால் மட்டும் இறங்க மறுத்தால், மரத்துப்போகும் மருந்திட்டுப் பின்புறத் தசைநாணைச் சிறு கீறலால் விடுவித்து, மூன்று வாரம் கடைசிக் கட்டுப் போடுகிறார். அந்நாண் அதற்குள் தேவையான நீளத்தில் மீண்டும் வளர்ந்துவிடுகிறது.

எங்களுக்குக் கட்டு மாற்றும் நாள் வியாழக்கிழமையாக அமைந்தது. வியாழன் அய்யலூர் ஆட்டுச் சந்தை நாள். அக்காள் கணவர் ஆட்டு வியாபாரி. வாரத்தின் வருவாய் முழுவதும் அந்த ஒரு விடியற்காலையில்தான். ஆகவே என் தந்தையார் ஒவ்வொரு வியாழனும் தம் கூலி வேலையை விட்டு அக்காளுடன் சென்றார். ஒரு கட்டுத் தவறினாலும் பாதம் பின்னோக்கிப் போகும் என்பதை அறிந்ததால் ஒரு வாரமும் தவறவில்லை. அவ்வாரங்களில் குழந்தையைக் குளிப்பாட்ட இயலாது, ஈரத்துணியால் துடைத்தோம். கட்டு நனையாமல் காத்தோம். நாள்தோறும் பலமுறை கால்விரல்களைப் பார்த்தோம். விரல் நீலம் பாய்ந்தாலோ, சில்லிட்டாலோ, கட்டுக்குள் நழுவி மறைந்தாலோ உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

உண்மையான சோதனை

கடைசிக் கட்டைப் பிரித்தபோது பாதம் மற்றக் குழந்தைகளின் பாதம் போலவே இருந்தது. ‘இனிக் கவலை இல்லை’ என்று எல்லோரும் எண்ணினர். வீட்டாரின் வேலை அன்றைக்குத்தான் தொடங்கியது.

நேராக்கிய பாதம் நேராகவே நிற்க, இரு பூட்ஸ்களை ஒரு கம்பியால் இணைத்த கருவியை அணிவிக்க வேண்டும். முதல் மூன்று மாதங்கள் நாளொன்றுக்கு 23 மணி நேரம். அதன்பின் நான்கு வயது வரை இரவிலும் பகல் தூக்கத்திலும். பாதத்தை இழுக்கும் இயல்பு அவ்வயது வரை தசைநார்களில் தங்கியிருப்பதால், கருவியை விட்டால் வளைவு திரும்புகிறது. உகாண்டாவில் ஸ்டீன்பீக் என்பவர் உள்ளூர்த் தோலையும் இரும்பையும் கொண்டே குறைந்த செலவில் இக்கருவியைச் செய்யும் வழியை உருவாக்கினார். ஆகவே கருவி அரிதன்று. அதைத் தவறாமல் மாட்டும் கைகளே அரியவை.

முதல் மூன்று இரவுகள் குழந்தை ஓயாமல் அழுதான். கம்பி குறுக்கே நின்றதால் தூளியில் போட முடியவில்லை. அவனுடைய அப்பத்தா, “பச்சப்புள்ளயக் கட்டிப்போட்டு வதைக்கணுமா? காலுதான் நேராயிருச்சே!” என்று கண்ணீர் விட்டார். “அத்தே, இன்னைக்கு அழுதா அழட்டும். நாளைக்கு நடக்கணும்ல” என்று அக்காள் பதில் சொன்னாள். இருவர் பேச்சிலும் இருந்தது அன்புதான்.

ஒன்பதாம் மாதத்தில் உறவினர் வீட்டுக் கல்யாணம் வந்தது. பிள்ளையை இரும்போடு பார்த்தால் நாலு பேர் கேட்பார்கள் என்று பெரியவர்கள் கூறினர். பதினோரு இரவுகள் கருவி பெட்டியிலேயே இருந்தது. திரும்பி வந்து மாட்டியபோது குதிகால் பூட்ஸுக்குள் இறங்கவில்லை. மீண்டும் மூன்று மாவுக்கட்டுகள். மீண்டும் மூன்று வியாழக்கிழமைகள்.

அதன்பின் வீட்டில் ஓர் ஒழுங்கு ஏற்பட்டது. விளக்கு வைத்தவுடன் பூட்ஸ் மாட்டுவது அப்பத்தாவின் பொறுப்பு. பருத்திக் காலுறையைத் துவைத்துச் சுருக்கமின்றி வைப்பது என் வேலை. குதிகால் நன்றாக இறங்கியிருக்கிறதா, தோலில் கொப்புளம் உண்டா என்று பார்ப்பது அக்காளுக்கு. கம்பி மற்றவர் மேல் இடிக்காமலிருக்கத் துணி சுற்றுவதும், மாதந்தோறும் காட்டிவரச் செல்வதும் அவள் கணவருக்கு. இரண்டு கால்களையும் சேர்த்து மடக்கி நீட்ட விளையாட்டுக் காட்டினோம். சில நாள்களில் அவனே அதைக் கற்றுக்கொண்டான். இப்போது நான்கு வயதை எட்டும் அவன் அங்கன்வாடிக்கு ஓடியே போகிறான். இரவானால் தானே பூட்ஸை எடுத்துவந்து நீட்டுகிறான்.

சரியாகாத குறைகளில்

எல்லாக் குறைகளும் இவ்வாறு நேராக்கக்கூடியவை அல்ல. மூளை முடக்குவாதம் உடைய குழந்தைக்கு வாழ்நாள் முழுவதும் துணை வேண்டும். அங்கும் குடும்பமே முதல் பள்ளி. தம் மகனுக்கு அக்குறை இருந்ததால் பூனம் நடராஜன் 1985 இல் சென்னையில் தொடங்கிய வித்யாசாகர் நிறுவனம், பெற்றோருக்கும் பயிற்சி தந்து அவர்களைச் சிகிச்சையின் பங்காளிகளாக்கியது. 2013 இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டம், பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை உள்ளோரைப் பரிசோதித்து இலவசச் சிகிச்சைக்கு அனுப்ப வகை செய்தது. வளைந்த பாதமும் அதன் பட்டியலில் உண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, நாற்பது விழுக்காடும் அதற்கு மேலும் குறையுடைய குழந்தைகளுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை உரிமையாக்கியது.

முடிவுரை

திட்டங்கள் வாசல் வரை வரும். சட்டமும் வாசல் வரை வரும். வாசலுக்கு உள்ளே நடப்பது வீட்டாரின் கையில் இருக்கிறது. தாய் ஒருத்தியின் தலையில் மட்டும் சுமத்தினால் அச்சுமை ஏதேனும் ஓர் இரவில் சரிந்துவிடும். நாலு பேர் பகிர்ந்தால் நான்கு ஆண்டுகளும் கடந்துவிடும். பட்டம் பெற்று ஊர் திரும்பும் நாம் அத்தகைய குழந்தையைக் காண நேர்ந்தால், ‘என்ன செய்தாய்?’ என்று தாயைக் கேட்பதை விடுத்து, ‘எந்த நாளில் போகவேண்டும், நானும் வரட்டுமா?’ என்று கேட்போமாக.