அண்மை நினைவகமும் சேய்மை நினைவகமும்

முன்னுரை

அண்மையைச் சுட்ட இகரமும் சேய்மையைச் சுட்ட அகரமும் தமிழில் உண்டு. கணிப்பொறியின் நினைவகப் பங்கீட்டிற்கும் இவ்வேறுபாடே அடிப்படையாதலை இக்கட்டுரையில் எடுத்துரைக்க முனைகின்றோம்.

கணு அமைப்பு

பெரிய கணிப்பொறியில் செயலிகள் பல. அவை யாவும் ஒரே வழியாக நினைவகத்தை நாடின் நெரிசல் உண்டாகும். ஆதலின் செயலிகளைக் குழுக்களாக்கி, ஒவ்வொரு குழுவின் அருகிலும் நினைவகத்தின் ஒரு பகுதியை வைத்தனர். இக்குழுவும் அதன் நினைவகமும் சேர்ந்தது ஒரு கணு. கரும்பின் கணுவைப் போல இவை தனித்தும் தொடர்ந்தும் நிற்கின்றன. எச்செயலியும் எக்கணுவின் நினைவகத்தையும் பயன்படுத்தலாம். எனினும் தன் கணுவிலிருந்து பெறுதல் விரைவு, பிற கணுவிலிருந்து பெறுதல் தாமதம்.

பங்கீட்டு விதிகள்

லினக்ஸ் இயங்குதளத்தின் உட்கரு கெர்னல் எனப்படும். அது நினைவகத்தைப் பக்கங்களாகப் பகுத்து வழங்கும். பரவலாக வழங்கும் செயலிகளில் ஒரு பக்கம் 4096 பைட்டு. நிரல் இடம் கேட்டவுடன் பொதுவாகப் பக்கம் ஒதுக்கப்படுவதில்லை. அதனை முதலில் தொடும்போதே ஒதுக்கப்படுகின்றது. தொட்ட செயலி எக்கணுவினதோ அக்கணுவிலேயே இடமளிப்பது பொதுவிதி. அங்கு இடமில்லையேல், கெர்னல் தொலைவுப் பட்டியலைக் கண்டு அடுத்த கணுவை நாடும். அப்பட்டியலில் தன் கணுவிற்குரிய எண் 10. பிறவற்றிற்கு அதனினும் மிகுதி. அனைத்துச் செயலிகளுக்கும் பொதுவான தரவாயின், பக்கங்களைக் கணுதோறும் மாறி மாறிப் பரப்பும் முறையும் உண்டு.

ஈண்டு ஓர் எச்சரிக்கை தேவை. ஒரே செயலி தரவு முழுவதற்கும் தொடக்க மதிப்பிட்டால், பக்கங்கள் யாவும் அதன் கணுவிலேயே குவியும். பின்னர்ப் பிற செயலிகள் அனைத்தும் அங்கேயே சென்று காத்து நிற்கும். எப்பகுதியை எச்செயலி கையாளுமோ, அப்பகுதிக்கு அச்செயலியே தொடக்க மதிப்பிடல் வேண்டும்.

பக்கப் பெயர்ச்சி

இதனை நம் மாவட்ட வரலாற்றால் விளக்கலாம். பெரம்பலூர் மாவட்டம் 1995இல் உருவாயிற்று. அரியலூர் 2001இல் அதனின்று பிரிந்து, 2002இல் மீண்டும் இணைந்து, 2007இல் தனி மாவட்டமாயிற்று. மாவட்டம் மாறியும் ஒருவரின் ஆவணம் பழைய தலைநகரிலேயே இருப்பின், அவர் ஒவ்வொரு முறையும் அங்கே அலைய நேரிடும் அன்றோ? நிரலின் நிலையும் இதுவே. கெர்னல் அதனை வேறு கணுவின் செயலிக்கு மாற்றியபின்னும் அதன் பக்கங்கள் பழைய கணுவிலேயே தங்கிவிடும். 2013இல் வெளிவந்த 3.8ஆம் பதிப்பு முதல், எப்பக்கத்தை எக்கணு நாடுகின்றது எனக் கண்காணித்து, வேண்டியவிடத்துப் பக்கத்தை இடம்பெயர்க்கும் வசதி கெர்னலில் அமைந்தது. பெயர்ப்பதற்கும் காலம் செலவாகும். ஆதலின் அடிக்கடி பயன்படும் பக்கத்தைப் பெயர்ப்பதே பயன் தரும்.

நிறைவுரை

அண்டை நகராகிய திருச்சிராப்பள்ளியின் தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் ‘பரம் பொருள்’ என்னும் மீக்கணிப்பொறி தொடங்கி வைக்கப்பெற்றது. அதன் ஆற்றல் 838 டெராஃபிளாப்சு; அஃதாவது நொடிக்கு 838 இலட்சம் கோடிக் கணக்கீடுகள். நினைவகத்தின் அண்மை சேய்மை அறியாது எழுதப்படும் நிரல், இத்தகு பேராற்றலையும் காத்திருப்பில் வீணாக்கிவிடும்.

இவ்விரு மாவட்டச் சிற்றூர்களில் தமிழ்வழிப் பயின்று வரும் மாணவர்க்குக் கருத்தினும் சொல்லே தடையாவதை வகுப்பறையில் கண்டுவருகின்றோம். கணு, பக்கம், அண்மை, பெயர்ச்சி என அவர்கள் அறிந்த சொற்களாலேயே இப்பொருளை விளக்க இயலுமெனின், ஏனைய பாடங்களுக்கும் அது இயலும். தமிழ்த்துறையும் கணிப்பொறித் துறையும் ஒருங்கே அமர்ந்து, பாடந்தோறும் கலைச்சொற் பட்டியல் ஆக்கித் தருதல் இன்றியமையாத கடமையாகும்.