கோலம் போட்ட பிறகு புள்ளியை மாற்றச் சொன்னால்?

கேள்வி: சென்னையில் ஒரு கேம் ஆர்ட் ஸ்டுடியோவில் ஐந்து வருடமாக என்விரான்மென்ட் ஆர்ட்டிஸ்டாக இருக்கிறேன் சார். எல்லாமே வெளிநாட்டு கிளையன்ட் வேலை. எட்டு மாதமாக ஒரே ப்ராஜெக்ட். காலை 10 மணிக்குப் போனால் வீடு திரும்ப இரவு 12 ஆகிறது. ஒரு பழைய ரயில் நிலையத்தை மட்டும் நான்கு முறை மாற்றி மாற்றிச் செய்துவிட்டேன். இப்போது சாஃப்ட்வேரைத் திறந்தாலே வயிற்றைப் பிசைகிறது. சின்ன வயதிலிருந்து ஆசைப்பட்டு வந்த துறை இது. எனக்குத்தான் தாங்கும் சக்தி இல்லையா? வேலையை விட்டுவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் இரவு 12 மணியை விட என்னை அதிகம் உறுத்தியது அந்த ரயில் நிலையம்தான். நான்கு முறை! துறைக்கு வெளியே இருக்கும் வாசகர்களுக்கு அதன் கனம் தெரிய வேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன்.

ஒரு ரயில் நிலையம் கேமுக்குள் வர, முதலில் வெறும் பெட்டி பெட்டியாக அடுக்கி அளவு பார்ப்பார்கள். இதை ப்ளாக்அவுட் என்பார்கள். பிறகு தூண், ஓடு, இரும்புக் கிராதி என்று நுணுக்கமாகச் செதுக்கிய ஹை பாலி மாடல். அத்தனை நுணுக்கத்தை கேம் தாங்காது. அதனால் அதன் மேலேயே எளிமையான இன்னொரு மாடலைக் கட்ட வேண்டும். அடுத்து யுவி, அதாவது அந்த உருவத்தின் தோலை உரித்துத் தட்டையாக விரித்து வைப்பது. அப்புறம் நுணுக்க மாடலின் விவரங்களை எளிய மாடலுக்கு மாற்றும் பேக்கிங், நிறமும் பரப்பும் தரும் டெக்ஸ்சர், தூரத்திலிருந்து பார்க்கும்போது காட்டுவதற்கு இன்னும் எளிய மாடல்கள். ஒவ்வொரு படியும் முந்தைய படியின் மேல்தான் நிற்கிறது. டெக்ஸ்சர் முடிந்த பிறகு, நிலையம் இன்னும் கொஞ்சம் அகலமாக இருந்தால் நன்றாக இருக்குமே என்று ஒருவர் சொல்கிறார். அவருக்கு அது ஒரு வாக்கியம். உங்களுக்கு மூன்று வாரம். மார்கழிப் பனியில் குனிந்து கோலம் போட்டு, காவிக் கரையும் கட்டி நிமிரும்போது, 15 புள்ளியை 17 ஆக்கு என்று யாராவது சொல்வதைப் போன்றது இது. ஓரத்தில் இரண்டு புள்ளி சேர்த்துச் சமாளிக்க வழியில்லை. தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு மறுபடி குனிய வேண்டும்.

இருபது வருடம் இந்தத் துறையில் இருந்த அனுபவத்தில் சொல்கிறேன். ஆர்ட்டிஸ்ட்டுகள் உழைப்புக்கு அஞ்சுவதில்லை. தனக்குப் பிடித்த ஓர் உருவத்துக்காக, யாரும் கேட்காமலே விடிய விடிய உட்காருகிறவர்கள். செய்தது நிற்காமல் போகும்போதுதான் ஆள் உள்ளுக்குள் உடைகிறார். கேம் ஸ்டுடியோக்களில் செய்தது நிற்காமல் போவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். முடிவெடுக்க வேண்டியவர் உரிய நேரத்தில் முடிவெடுப்பதில்லை.

பயோவேர் என்ற கனடா ஸ்டுடியோவின் கதையைப் பாருங்கள். மாஸ் எஃபெக்ட், டிராகன் ஏஜ் மாதிரியான கேம்களைத் தந்தவர்கள். 2019 பிப்ரவரியில் ஆந்தம் என்ற கேமை வெளியிட்டார்கள். சுமார் ஏழு வருட உழைப்பு என்று வெளியே பேச்சு. அந்த ஏப்ரலில், ஜேசன் ஷ்ரையர் என்ற பத்திரிகையாளர் அதில் பங்கேற்ற அல்லது அதையொட்டிப் பணியாற்றிய 19 பேரிடம் பேசி எழுதியபோது வேறு படம் தெரிந்தது. கதை என்ன, விளையாட்டின் அச்சாணி என்ன என்பதெல்லாம் வருடக்கணக்கில் முடிவாகவே இல்லை. பாத்திரங்கள் பறக்கலாமா கூடாதா என்ற அடிப்படைக் கேள்விக்கே பதில் திரும்பத் திரும்ப மாறியது. பறந்தால் மலையும் பள்ளத்தாக்கும் ஒரு விதமாக வர வேண்டும், நடந்தால் வேறு விதமாக வர வேண்டும். என்விரான்மென்ட் ஆர்ட்டிஸ்ட்டான உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. கடைசி ஒன்றரை வருடத்துக்குள்தான் உண்மையான தயாரிப்பே நடந்தது. டாக்டர் சொல்லி வாரக்கணக்கில், மாதக்கணக்கில் விடுப்பில் போனவர்கள் அங்கே பலர். கடைசி நேரத்தில் எப்படியோ எல்லாம் கூடி வந்துவிடும் என்று அந்த ஸ்டுடியோவில் ஒரு நம்பிக்கை இருந்ததாம். அதற்கு ‘பயோவேர் மாயம்’ என்று பெயரே வைத்திருந்தார்கள். அது மாயமே இல்லை தம்பி. ஊழியர்களின் தூக்கத்தையும் உடம்பையும் எடுத்து ஓட்டையை அடைத்ததற்கு வைத்த அழகான பெயர்.

இது புதிய நோயும் அல்ல. 2004 நவம்பரில், எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் (ஈஏ) என்ற கேம் நிறுவனத்தின் ஊழியர் ஒருவரின் வருங்கால மனைவி, ‘ஈஏ ஸ்பௌஸ்’ என்ற பெயரில் இணையத்தில் எழுதினார். காலை 9 முதல் இரவு 10 வரை, வாரம் ஏழு நாளும் வேலை என்று அவர் எழுதியது துறையையே உலுக்கியது. அந்த நிறுவனத்தின் மீது ஓவர்டைம் கேட்டு ஆர்ட்டிஸ்ட்டுகள் தொடுத்த வழக்கு 2005-இல் 1.56 கோடி டாலருக்குச் சமரசமானது. புரோகிராமர்களின் வழக்கு அதற்கு அடுத்த வருடம்தான் முடிந்தது. முதலில் நியாயம் பெற்றவர்கள் உங்கள் தொழில்காரர்கள் என்பதில் எனக்கு இன்றும் ஒரு பெருமிதம் உண்டு.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. நாளையிலிருந்து மூன்று வாரம் ஒரு சின்ன நோட்டில் எழுதுங்கள். தேதி, எந்த அசெட் (கேமுக்காகச் செய்யும் பொருள்), எத்தனை மணி நேரம், அதில் எவ்வளவு புதிய வேலை, எவ்வளவு மறுவேலை, மாற்றச் சொன்னது யார். பிறகு உங்கள் டீம் லீடிடம் போய் நேரத்தைப் பற்றிப் புகார் சொல்லாதீர்கள். நேரம் எல்லோருக்கும்தான் போகிறது என்று பேச்சு முடிந்துவிடும். நோட்டைக் காட்டி, 180 மணி நேரத்தில் 110 மறுவேலைக்குப் போயிருக்கிறது, ப்ளாக்அவுட்டை கிளையன்ட் தரப்பில் யார் கையெழுத்துப் போட்டு முடிக்கிறார் என்று கேளுங்கள். அந்த இடத்தில் ஒருவர் பெயர் வந்தால் உங்கள் ஸ்டுடியோ திருந்த வாய்ப்பு இருக்கிறது. பெயரே வராவிட்டால் ஐந்தாவது ரயில் நிலையத்துக்கும் நீங்கள்தான் செங்கல் அடுக்க வேண்டியிருக்கும்.

சட்டத்தையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, ஒரு நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்கிறது. ஓவர்டைம் சேர்த்தாலும் நாளுக்கு 10, வாரத்துக்கு 54 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. மாடல் செய்யும் ஆர்ட்டிஸ்ட் நிர்வாகி ஆகிவிட மாட்டார்.

விடலாமா என்று கேட்டீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ‘பர்ன்அவுட்’டை வரையறுத்தபோது, அதை நோயாக வகைப்படுத்தவில்லை, வேலையிடத்தில் சரிவரக் கையாளப்படாத நெடுநாள் அழுத்தத்தின் விளைவு என்றது. மூன்று அடையாளங்கள்: சக்தி வற்றிப்போவது, வேலை மீது மனம் விலகிக் கசப்பது, தன் திறமை மீதே நம்பிக்கை குறைவது. மூன்றாவது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. எனவே முதலில் குறைந்தது பத்து நாள் விடுப்பு எடுங்கள். அந்தப் பத்து நாளில் ராஜினாமா பற்றி எந்த முடிவும் வேண்டாம். ஆறு மாதச் செலவுக்குக் கையிருப்பு இல்லாமல் வெளியே வரவும் வேண்டாம். 2023, 2024 இரண்டு வருடமும் உலகம் முழுக்க கேம் ஸ்டுடியோக்களில் பெரும் ஆட்குறைப்பு நடந்தது. 2025 பிப்ரவரியில் விஎஃப்எக்ஸ், அனிமேஷன் செய்துவந்த டெக்னிகலர் குழுமம் சரிந்தபோது பெங்களூரில் இருந்த நம் ஆட்களும் தெருவில் நின்றார்கள். அவசரப்பட்டு விலகியவர்கள் இதே மாதிரி இன்னொரு இடத்தில்தான் போய் விழுகிறார்கள்.

கேள்வி: ஆறு மாதத்துக்கு முன் என்னை ஆர்ட் லீட் ஆக்கினார்கள். ஒன்பது பேர் டீம், எல்லோரும் பழைய நண்பர்கள். யாருடைய வேலையாவது சரியில்லை என்றால் மனம் கேட்காமல் இரவில் நானே திருத்திவிடுகிறேன். கிளையன்ட் எது கேட்டாலும் முடியாது என்று சொல்ல வாய் வருவதில்லை. இரண்டு பேர் ராஜினாமா கொடுத்துவிட்டார்கள். நான் மோசமான லீடா?
– ஒரு வாசகி, பெங்களூரு

பதில்: இல்லையம்மா. யாரும் கற்றுத்தராத வேலையைச் செய்கிறீர்கள். நன்றாக வரைகிறவரைப் பிடித்து நிர்வாகி ஆக்குவது நம் துறையின் பழக்கம். வரைவதற்கு ஐந்து வருடம் பயிற்சி, ஆளைக் கவனிக்க ஐந்து நிமிடம்கூடக் கிடையாது.

நான் முதன்முதலில் லீடானபோது உங்களைப் போலவேதான் செய்தேன். எங்கள் டீமில் ஒரு பெண் ஆலமரம் ஒன்றைச் செய்திருந்தாள். விழுதுகள் சரியாக வரவில்லை என்று ராத்திரி உட்கார்ந்து நான் முழுக்க மாற்றிவிட்டேன். மறுநாள் காலை அவள் ஃபைலைத் திறந்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை. அன்று முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு மாதத்தில் விலகிவிட்டாள். அவளுடைய மரத்தை அவளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டேன் என்பது எனக்குப் புரிய இன்னும் சில வருடம் ஆனது. மன்னிப்புக் கேட்கவும் வாய்க்கவில்லை. எனவே இன்று இரவிலிருந்து அடுத்தவர் ஃபைலைத் தொடாதீர்கள். படத்தின் மேல் கோடு போட்டுக் காட்டுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள், கையை மட்டும் வைக்காதீர்கள்.

கிளையன்ட் விஷயத்துக்கு வருவோம். கலிஃபோர்னியாவில் காலை 9 மணி என்றால் நமக்கு இரவு 9.30, அவர்களுடைய குளிர்காலத்தில் 10.30. அந்த நேரத்து மீட்டிங்கில், களைப்பில், எதற்கும் சரி என்று தலையாட்டிவிடுவோம். அங்கேயே பதில் சொல்லாதீர்கள். காலையில் எழுதி அனுப்புகிறேன் என்று ஒரு வாக்கியம் பழகுங்கள். காலையில் எழுதும்போது, இந்த மாற்றத்தைச் செய்தால் இந்த இரண்டு அசெட்டும் இந்த மைல்ஸ்டோனில் வராது, எது வேண்டும் என்று கேளுங்கள். ‘முடியாது’ என்ற சொல்லே இல்லாமல் தேர்வை அவர்கள் கையில் கொடுத்துவிடலாம். என் அனுபவத்தில் பாதிக்கு மேற்பட்ட மாற்றங்கள் இந்தக் கேள்வியோடு நின்றுபோயின. ஒப்பந்தத்தில் ஒரு அசெட்டுக்கு எத்தனை ரிவிஷன் என்று இருக்கிறதா என்பதையும் உங்கள் புரொட்யூசரிடம் கேளுங்கள். மூன்று என்று எழுதிவிட்டு ஏழு செய்துகொண்டிருக்கும் டீம்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த நான்குக்கும் யாரும் பணம் தரவில்லை. ஆர்ட்டிஸ்ட்டின் சனிக்கிழமைதான் தந்தது.

பெரிய ஸ்டுடியோ, நல்ல பெயர் என்பதெல்லாம் இந்த ஓயாத உழைப்பிலிருந்து காப்பாற்றாது. அன்சார்ட்டட் கேம் தொடரைச் செய்த நாட்டி டாக் ஸ்டுடியோவில், கால அட்டவணையைக் கவனிக்கும் புரொட்யூசர் என்ற பதவியே நெடுநாள் இல்லை. எல்லோரும் தங்கள் வேலையைத் தாங்களே பார்த்துக்கொள்வார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. யாரும் நிறுத்தச் சொல்லாத இடத்தில் யாரும் நிறுத்துவதில்லை. அன்சார்ட்டட் 4-இன் கிரெடிட்டில் இருந்த, லீட் அல்லாத 20 டிசைனர்களில் 14 பேர் 2020-க்குள் வெளியேறியிருந்தார்கள். போலந்தின் சிடி ப்ராஜெக்ட் ரெட் ஸ்டுடியோ, யாரையும் கட்டாயப்படுத்தி அதிக நேரம் வேலை வாங்க மாட்டோம் என்று 2019-இல் சொன்னது. மறு வருடம் செப்டம்பரில் வாரம் ஆறு நாள் கட்டாய வேலை வந்தது. ஏப்ரலில் வர வேண்டிய சைபர்பங்க் 2077, மூன்று முறை தள்ளிப்போய் 2020 டிசம்பர் 10-இல் வந்தது. ஒரு வாரத்தில் சோனி அதைத் தன் கடையிலிருந்தே எடுத்துவிட்டது. அந்த ஆறாவது நாள் கேமையும் காப்பாற்றவில்லை, ஆட்களையும் காப்பாற்றவில்லை.

மாற்று வழியும் இருக்கிறது. ஹேடிஸ் கேமைச் செய்த சூப்பர்ஜயன்ட் சின்ன ஸ்டுடியோ. வருடத்துக்குக் குறைந்தது 20 நாள் விடுப்பு எடுத்தே தீர வேண்டும், வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்கு மேல் மெயில் கூடாது என்று விதி வைத்திருந்தார்கள். எத்தனை நாள் வேண்டுமானாலும் விடுப்பு எடுக்கலாம் என்று முதலில் வைத்துப் பார்த்தபோது யாருமே எடுக்கவில்லை என்பதால்தான் இந்தக் கட்டாயம். இதை நன்றாகக் கவனியுங்கள். வேலையை நேசிக்கிறவர்களுக்கு அனுமதி போதாது. நீங்கள் முதலில் விளக்கை அணைத்துவிட்டு எழுந்தால்தான் அந்த ஒன்பது பேரும் எழுவார்கள்.

ராஜினாமா கொடுத்த இருவரிடமும் அவர்கள் கிளம்புவதற்குள் தனித்தனியாக ஒரு டீ குடியுங்கள். இருக்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டாம். எந்த வாரம் போகலாம் என்று முடிவெடுத்தீர்கள் என்று மட்டும் கேளுங்கள். கேம் வெளிவரும்போது அவர்கள் பெயர் கிரெடிட்டில் வர வேண்டும் என்று இப்போதே எழுதி வாங்கிவிடுங்கள். 2011-இல் வந்த எல்.ஏ. நுவார் கேமில் உழைத்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் பெயர் கிரெடிட்டில் விடுபட்டது. வருடக்கணக்கில் உழைத்ததற்கு ஆர்ட்டிஸ்ட் கையில் மிஞ்சுவது பல நேரம் அந்த ஒரு வரிதான்.

கேள்வி: என் மகள் கேம் கம்பெனியில் படம் வரைகிற வேலை பார்க்கிறாள். நல்ல சம்பளம். ஆனால் ஊருக்கு வந்தாலும் தூங்கிக்கொண்டே இருக்கிறாள், இல்லையென்றால் எரிந்து விழுகிறாள். வலது மணிக்கட்டு வலிக்கிறது என்கிறாள். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து விளையாட்டுப் பொம்மை வரைவதில் இவ்வளவு கஷ்டமா?
– ஒரு தாய், திருநெல்வேலி

பதில்: கஷ்டம்தான் அம்மா. நாள் முழுக்க பேனாவை ஒரே பிடியில் பிடித்து மில்லிமீட்டர் கணக்கில் இழுக்கும் வேலை. மணிக்கட்டு வலியைத் தைலத்தோடு விட்டுவிடாமல் எலும்பு மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்ட்டிடமோ கூட்டிப்போங்கள். முற்றவிட்டால் கை மரத்துப்போகலாம். அந்தக் கைதான் அவள் பிழைப்பு.

தூங்கினால் எழுப்பாதீர்கள், பல மாதக் கடன் அது. நாலைந்து நாளுக்குப் பிறகும் எதிலும் பிடிப்பு இல்லாமல் இருந்தாலோ, வாழ்ந்து என்ன பயன் என்ற தொனியில் பேசினாலோ தாமதிக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

வேலையைப் பற்றிக் கேட்டால் அவளால் அதிகம் சொல்ல முடியாது. கேம் வெளிவரும் வரை எதையும் வெளியே காட்டக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருப்பார்கள். இரண்டு மூன்று வருடம் செய்ததைப் பெற்ற தாய்க்குக்கூடக் காட்ட முடியாத வேலை அது. அவள் பள்ளிக்கூட நாளில் வரைந்த நோட்டுகள் பரணில் இருக்குமே, இறக்கித் தூசி தட்டி, அவள் கண்ணில் படுகிற மாதிரி வையுங்கள்.