மறைப்பு வேலிக்கு எந்த மரம்?

பீலிக்கரையில் குளிக்கும் பெண் பிள்ளைகளுக்கு ஒரு மறைப்பு வேண்டும். சாக்கும் தகரமும் கட்டினால், ஒரு மழைக்காலத்தில் சாக்கு இற்றுப்போகும், தகரம் துருப்பிடிக்கும். உயிர்வேலிதான் நிலைக்கும். ஆனால் காலையில் மலைக்குப் போய் மாலையில் திரும்பும் நமக்கு, அதைப் பார்த்துக்கொள்ள நேரம் ஏது? ஆகவே மரத்தை யோசித்துத் தெரிவு செய்ய வேண்டும்.

"சவுக்கு நட்டா சீக்கிரம் வளருமே" என்பார்கள். வளரும். சவுக்கும் யூக்கலிப்டஸும் 20 மீட்டருக்கு மேலேயும் போகும். அடிக்கிளை உதிர்ந்து மறைப்பும் போய்விடும். காற்றில் முறிந்தால் விழுவது லயத்துக் கூரையில்தான்.

பங்களாவில் இருக்கும் சைப்ரஸ் வேலி அழகுதான். அதை வெட்டிவிட அங்கே ஆள் உண்டு. கவனிக்காமல் விட்டு, பிறகு முதிர்ந்த கட்டை வரை வெட்டினால் மறுபடி துளிர்க்காது.

தேயிலையைப் பாருங்கள். விட்டால் மரமாகிவிடும், கவ்வாத்து வெட்டினால் துளிர்க்கும். இந்தக் குணமுள்ள மரமே வேலிக்கு ஏற்றது.

1. கிளிரிசிடியா: வெப்பமான கீழ்மலைத் தோட்டங்களுக்கு நல்லது. தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக 2005இல் அறிவிக்கப்பட்டது. தழை மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஆகும்; புல்லோடு கலந்து கொடுங்கள். நுவரெலியாக் குளிருக்குச் சரிவராது.

2. டடப்: தேயிலைக்கு நிழல் தரும் அதே மரம். கம்பு நட்டாலே வேர் பிடிக்கும். தழை நல்ல பசளை.

3. தேயிலை: குளிர்மலைக்கு இதுவே வேலி! 2 அடிக்கு ஒன்றாக நட்டு, ஆள் உயரத்துக்கு விடுங்கள். சில வருடம் பொறுக்க வேண்டும்.

கிளிரிசிடியாவும் டடப்பும் மணிக்கட்டுத் தடிப்பில், 5 அடிக் கம்பாக, மழை தொடங்கும்போது 1 அடி இடைவெளியில் நடுங்கள். வருடம் இரண்டு தரம் வெட்டினால் போதும்.

ஓர் எச்சரிக்கை. கண்டதையும் கொண்டுவந்து நடாதீர்கள். 1826இல் பேராதனைப் பூங்காவுக்கு அழகுக்காக வந்த உண்ணிச்செடி, இன்று நாட்டின் பல பக்கமும் புதராக மண்டிக் கிடக்கிறது. வெள்ளைக்காரர் காலத்தில் வந்த கோர்ஸ் என்னும் முட்செடி ஹோட்டன் சமவெளியில் பரவிவிட்டது.

நடுவதற்கு முன் தோட்ட நிர்வாகத்திடம் சொல்லுங்கள். அடுத்த காம்பரா அக்காவிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். நமக்கு மறைப்பாகும் வேலி, அவர் குசினிக்கு இருட்டாகிவிடக் கூடாது அல்லவா?